எந்த நாட்டில் அசெம்பிள் செய்த போன்? பெட்டியின் மேல் இருக்கும் ஒரு வரியை எவ்வளவு நம்பலாம்

"ஒரே மாடல் போன். ஒரு பெட்டியில் சீனாவில் அசெம்பிள் செய்தது என்று இருக்கிறது, இன்னொன்றில் வியட்நாம் என்று இருக்கிறது. எதை எடுக்கட்டும்?" வாசகர்கள் அடிக்கடி கேட்பது இது. கேள்வி ஒன்றுதான், ஆனால் கேட்பவர்களின் கவலை வேறு வேறு. ஒருவருக்குச் சீக்கிரம் கெட்டுப்போகுமோ என்ற பயம். இன்னொருவருக்கு உள்ளே உளவு மென்பொருள் இருக்குமோ என்ற சந்தேகம். மூன்றாமவர், ஷிஃப்ட் முழுக்க நின்றபடி திருகு முடுக்கும் பெண்ணை நினைத்து மனம் கேட்காமல் கேட்கிறார். நான்காமவருக்குத் தன் நாட்டில் நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்ற ஆசை.

நான்குமே நியாயமானவை. ஆனால் நான்குக்கும் ஒரே விடை கிடையாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் நாட்டின் பெயரை மட்டும் வைத்து வாங்கினால், பயந்தது ஒன்றுக்கு, பணம் கொடுத்தது வேறொன்றுக்கு என்று ஆகிவிடும்.

## அந்த வரி சொல்வது என்ன?

போன மாதம் ஒரு பழைய போனுக்கு பேட்டரி மாற்ற உட்கார்ந்தேன். ஹேர் டிரையரால் பின்மூடியைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு நெம்பி எடுத்தேன். உள்ளே எள்ளளவு திருகுகள், அவற்றிலும் இரண்டு வித நீளம்; மாற்றிப் போட்டால் போர்டு பாழாகிவிடும். போன் வந்த பெட்டியில் வியட்நாம் என்று இருந்தது. பேட்டரியில் ஒட்டியிருந்த லேபிளில் சீனா. கூடவே வந்த சார்ஜரின் அடியில் இன்னொரு நாடு.

லேபிள் இல்லாத பாகங்களின் கதை இன்னும் நீளம். நல்ல போன்களின் ப்ராசஸர் பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி அல்லது கொரியாவின் சாம்சங் ஆலையில் உருவாகிறது. அந்த நுண்ணிய சிப்புகளை அச்சிடத் தேவைப்படும் ஈயூவி இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான் செய்து விற்கிறது. கேமரா சென்சாருக்குப் பல போன்களில் ஜப்பானின் சோனி. பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட், உலகம் தோண்டுவதில் பாதிக்கு மேல் காங்கோ மண்ணிலிருந்து வருகிறது.

இவ்வளவும் ஓரிடத்துக்கு வந்து சேர்ந்து, பூட்டி (அதாவது அசெம்பிள் செய்து), சோதித்து, பெட்டியில் போடும் இடம்தான் அட்டையில் எழுதியிருக்கும் நாடு. பாகங்கள் கடைசியாக எங்கே புதிய பொருளாக மாறினவோ அதுவே பிறந்த நாடு என்று சுங்க விதிகள் கணக்கு வைத்துக்கொள்கின்றன. பண மதிப்பில் இந்த வேலை எவ்வளவு சிறியது என்பதற்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட கட்டுரை நல்ல உதாரணம். 2009-ஆம் ஆண்டு ஐபோன் ஒன்றின் தயாரிப்புச் செலவு 178.96 டாலர், அதில் சீனாவில் நடந்த அசெம்ப்ளிக்குப் போனது 6.50 டாலர். நான்கு சதவீதம்கூட இல்லை. போன்கள் அப்புறம் எவ்வளவோ மாறிவிட்டன, ஆனாலும் விலையின் பெரும்பகுதி பாகங்களிலும் வடிவமைப்பிலும் பிராண்டின் லாபத்திலும்தான் இருக்கிறது.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

ஆயுள். எத்தனை வருடம் அப்டேட் வரும், உதிரிபாகம் கிடைக்குமா, பேட்டரியை மாற்ற முடியுமா. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மென்பொருள் பாதுகாப்பு. இங்கே நாட்டைவிட, பொறுப்பேற்க ஆள் இருக்கிறதா என்பதே பெரிய விஷயம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருள் பற்றி எச்சரிக்கை விட்டது. மலிவான டிவி பாக்ஸ், ப்ரொஜெக்டர் போன்ற சாதனங்களில், சில சமயம் வாங்கும் முன்பே அது குடியேறியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் செய்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நாட்டில் பூட்டிய, கோடிக்கணக்கில் விற்கும் பெரிய பிராண்டு போன்களில் இந்தக் கதை இல்லை. மாட்டியவை ஊர் பேர் தெரியாத, கூகுளின் சான்றிதழ் வாங்காத ஆண்ட்ராய்டு சாதனங்கள். மறுபக்கமும் உண்டு: 2015-இல் லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே ஏற்றியிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணைப்புகளுக்குள்ளேயே ஊடுருவியது. அதை எழுதியது அமெரிக்க நிறுவனம். அதைத் தன் லேப்டாப்களில் ஏற்ற ஒப்புக்கொண்டது பிராண்டு. தொழிற்சாலை இருந்த இடத்துக்கு அதில் பங்கே இல்லை.

தரம். 2016-இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது நினைவிருக்கும்.  விசாரணையில் காரணம் பேட்டரி என்று தெரிந்தது. இரண்டு நிறுவனங்களிடமிருந்து பேட்டரி வாங்கியிருந்தார்கள். ஒன்றில் மூலைப்பகுதியில் மின்முனை வளைந்திருந்தது. மாற்றாகக் கொடுத்த இரண்டாவதில் பற்றவைப்பின் பிசிறு காப்பைத் துளைத்தது. போனை எந்த நாட்டில் பூட்டியிருந்தாலும் அது எரிந்திருக்கும்.

தொழிலாளர் நிலை. இதைக் கீழே ஒவ்வொன்றிலும் விரிவாகப் பார்க்கிறேன். நாட்டின் பெயரை வைத்து அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

விலையும் கிடைப்பதும். இறக்குமதி வரி, வெள்ளம், நோய்த்தொற்று என்று எது வந்தாலும் ஓரிடத்தில் குவிந்த தொழில் அடி வாங்கும். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது.

## வழி 1: சீனாவில் பூட்டியது

இந்தத் தொழிலின் அடர்த்தி இன்னும் சீனாவில்தான். ஷென்ஜென், டோங்குவான் பகுதியில் ஒரு திருகோ கேபிளோ மாற்ற வேண்டும் என்றால் பக்கத்துத் தெருவில் செய்து தர ஆள் உண்டு. அச்சு செய்பவர், பிளாஸ்டிக் வார்ப்பவர், சோதனைக் கருவி அமைப்பவர் எல்லாரும் சில மணி நேரத் தூரத்தில். அந்த அனுபவத்தைப் பணம் கொடுத்து உடனே வாங்கிவிட முடியாது. புது மாடலின் முதல் சில மாத உற்பத்தியில் இது நன்றாகவே தெரியும்.

இதற்குக் கொடுத்த விலை பெரியது. 2010-இல், ஆப்பிள் போன்ற பிராண்டுகளுக்குப் பூட்டித் தரும் ஃபாக்ஸ்கானின் ஷென்ஜென் ஆலையில் இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். நிர்வாகம் விடுதிக் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அந்த வலைகளின் படத்தைப் பார்த்த பிறகு ஒரு புதுப் பெட்டியைப் பிரிப்பது எனக்கு முன்போல் இருந்ததில்லை. 2022 அக்டோபரில், கோவிட் கட்டுப்பாட்டில் அடைபட்ட ஃபாக்ஸ்கானின் ஜெங்ஜோ ஆலைத் தொழிலாளர்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையிலும் வயல்வெளியிலும் நடந்தே ஊர் திரும்பினார்கள். அடுத்த மாதம் சம்பளப் பிரச்சினையில் அங்கே மோதல் வெடித்தது. ஐபோன் 14 ப்ரோ கிடைக்கத் தாமதமாகும் என்று ஆப்பிளே அறிவிக்க வேண்டிவந்தது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் முக்கியமாக வரி. அரசுகள் சண்டை போடும்போது ஒரே இரவில் விலை மாறலாம்.

எப்போது இது சரி: பெரிய பிராண்டு, நீண்ட அப்டேட் உறுதி, நல்ல சர்வீஸ் எல்லாம் இருக்கும்போது. அந்த நிலையில் சீனா என்ற பெயருக்காக மட்டும் தவிர்ப்பதில் தரரீதியாக எந்த லாபமும் இல்லை.

## வழி 2: வியட்நாம், இந்தியா போன்ற புதிய மையங்கள்

சாம்சங் 2009-இலேயே வியட்நாமின் பாக் நின்னில் போன் செய்யத் தொடங்கியது. சீனாவில் இருந்த தன் கடைசிப் போன் ஆலையை 2019-இல் மூடியது. ஐபோன் இந்தியாவில் 2017-இல் ஒரு சிறிய மாடலோடு ஆரம்பித்தது. இப்போது புது மாடல்களும் அங்கே பூட்டப்படுகின்றன. சில வருடத்துக்கு முன்பு "இந்திய அசெம்ப்ளியா, தரம் எப்படியோ" என்ற தயக்கத்தைப் பலரிடம் பார்த்தேன். ஒரே வடிவமைப்பு, ஒரே பாகங்கள், பிராண்டு வகுத்த ஒரே சோதனை முறை என்று இருக்கும்போது அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை.

சீனாவைத் தவிர்ப்பதாக நினைத்து இதை வாங்குபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆலைகளுக்கு வரும் பாகங்களில் பெரும்பங்கு இன்னும் சீனாவிலிருந்துதான் கப்பலேறுகிறது. கடைசிப் படி மட்டும் இடம் மாறியிருக்கிறது.

தொழிலாளர் விஷயத்திலும் மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. 2020 டிசம்பரில் கர்நாடகத்தின் நரசாபுராவில், சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று ஐபோன் பூட்டும் விஸ்ட்ரான் ஆலையில் கலவரம் நடந்தது. ஒரு வருடம் கழித்து, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு விடுதிச் சாப்பாட்டில் விஷமேறியது. தோழிகளுக்கு என்ன ஆனது என்றே தெரியாமல் இருந்தவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை பல நாள் மூடிக் கிடந்தது. தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டது. 2021-இல் வியட்நாமின் வடக்கு மாகாணங்களில் தொற்று பரவியபோது, லைன் நிற்கக் கூடாது என்பதற்காகத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே படுத்துத் தூங்கினார்கள்.

நாடு மாறினாலும் வேலை கொடுக்கும் முறை மாறவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர், கூட்டமான விடுதி, சீசன் வந்தால் ஓவர்டைம் எல்லாம் அப்படியே. பிராண்டு கொடுக்கும் காலக்கெடுவும் விலையும் அப்படியே இருக்கும்போது வேறென்ன நடக்கும்?

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவானது. சுதந்திரமான தொழிற்சங்கத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும், சீனாவில் அதற்கு இடமில்லை. தொழிலாளர் நலனுக்காக நாட்டைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

எப்போது இது சரி: உற்பத்தி ஓரிடத்தில் குவியக் கூடாது என்று நினைப்பவருக்கும், வரி வித்தியாசத்தால் விலை குறையும் இடங்களிலும்.

## வழி 3: சொந்த நாட்டில் பூட்டியது

மனதுக்கு மிக நெருக்கமான வழி இதுதான். கணக்கில் மிகக் கடினமானதும் இதுதான்.

மோட்டோரோலா 2013-இல் மோட்டோ எக்ஸ் போனை அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் பூட்டத் தொடங்கியது. வாங்குபவர் நிறம் தேர்ந்தெடுத்தால் நான்கே நாளில் வீட்டுக்கு வரும். தொலைதூர ஆலையால் செய்ய முடியாத வசதி. ஆனால் செலவு கூடுதல், விற்பனை குறைவு. அடுத்த வருடமே ஆலையை மூட முடிவெடுத்தார்கள். ஆப்பிள் டெக்சாஸில் மேக் ப்ரோ கணினியைப் பூட்டியபோது தனி வடிவத் திருகு ஒன்று போதுமான அளவு கிடைக்கவில்லை. அருகிலிருந்த சிறு பட்டறையால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1,000 திருகுதான் செய்ய முடிந்தது. கடைசியில் திருகு சீனாவிலிருந்து வந்தது. ஜெர்மனியின் போஹோல்டில் 2018 முதல் போன் பூட்டிய கிகாசெட், 2023-இல் திவால் மனு போட்டது.

இதற்கு நேர்மாறான கதை பிரிட்டனின் ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினி. முதலில் சீனாவில் செய்தார்கள். 2012-லேயே வேல்ஸின் பென்கோய்டில் இருக்கும் சோனி ஆலைக்கு உற்பத்தியைக் கொண்டுவந்தார்கள், அது நிலைத்துவிட்டது. காரணத்தைப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஒரே ஒரு சர்க்யூட் போர்டு, பாகங்களை வைப்பது இயந்திரம், கை வேலை மிகக் குறைவு. போனில் அப்படியில்லை. வளையும் கேபிள், பசை, திருகு என்று எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கான விரல்கள் வேண்டும். உங்கள் நாட்டில் செய்தது என்று ஒரு சாதனத்தைப் பார்க்கும்போது, அது எந்த வகை என்று யோசித்துப் பாருங்கள். விலை வித்தியாசம் ஏன் என்று விளங்கும்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். என் அக்கா, உள்நாட்டுத் தயாரிப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சின்ன நிறுவனத்தின் லேப்டாப்பை வாங்கினார். இரண்டு வருடத்தில் கீபோர்டில் நான்கு எழுத்து வேலை செய்யவில்லை. அந்த மாடல் நின்றுபோய்விட்டது, கீபோர்டு கிடையாது என்றார்கள். வெளியில் தேடினோம். அது வேறொரு பெயரில் விற்ற வெளிநாட்டு லேப்டாப்பின் உடம்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. இங்கே நடந்தது மெமரியும் டிஸ்க்கும் மாட்டி ஸ்டிக்கர் ஒட்டியது மட்டும். இன்றும் வெளியிலிருந்து ஒரு கீபோர்டைச் சொருகித்தான் தட்டச்சு செய்கிறார்.

வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் "அமெரிக்காவில் செய்தது" என்று வெறுமனே போட, கிட்டத்தட்ட எல்லாமே அங்கேயே உருவாகியிருக்க வேண்டும் என்பது வர்த்தக ஆணையத்தின் விதி. அதனால்தான் பலர் "அசெம்பிள் செய்தது", "வடிவமைத்தது" என்று எழுதுகிறார்கள். மற்ற நாடுகளில் வரம்பு வேறு வேறு.

எப்போது இது சரி: சிறு போர்டு, ஆடியோ கருவி, தொழில்முறைக் கணினி போன்றவற்றில், செய்தவரையே தொடர்புகொண்டு ரிப்பேர் செய்துகொள்ள முடியுமென்றால். உள்ளூர் வேலைவாய்ப்புக்காக விலை கூடக் கொடுக்கத் தயாராக இருந்தால் கொடுங்கள், அது நல்ல காரியம். எவ்வளவு வேலை உண்மையில் உள்ளூரில் நடக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

## வழி 4: நாட்டைப் பார்க்காமல் ஆயுளைப் பார்ப்பது

ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன் நிறுவனத்தின் போன்களைப் பூட்டுவது சீனாவில். தொழிலாளர் நலனுக்காகவே தொடங்கிய நிறுவனம் அங்கே போனது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். பிரச்சினை இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு ஆலையோடு பேசி, சம்பளத்தைக் கூட்டப் பணம் கொடுத்து மாற்ற முயல்கிறார்கள். ஓடிப் போவதைவிட இது நேர்மையானது என்று நினைக்கிறேன். 2023-இல் வந்த ஃபேர்போன் 5-க்கு ஐந்து வருட வாரண்டி, 2031 வரை மென்பொருள் ஆதரவு. பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை எடுத்துவிடலாம். ஹேர் டிரையர் தேவையில்லை. குறை என்றால், அதே விலைக்கு இன்னும் வேகமான போன் கிடைக்கும், எல்லா நாடுகளிலும் விற்பதில்லை.

நீண்ட ஆதரவு இப்போது பெரிய பிராண்டுகளிலும் வந்துவிட்டது. கூகுள் பிக்சல் 8-இலிருந்தும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-இலிருந்தும் ஏழு வருட அப்டேட் உறுதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும்.

இன்னொரு வாசல் ரீஃபர்பிஷ்டு (பழுதுபார்த்து மறுபடி விற்பது) அல்லது கைமாறிய சாதனம். ஆப்பிள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளில், ஒரு ஐபோன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பன் வெளியேற்றத்தில் சுமார் 80 சதவீதம் உற்பத்தியிலேயே முடிந்துவிடுவதைப் பார்க்கலாம். கப்பலும் விமானமும் சேர்ந்தது மிகச் சிறிய பங்கு. தூரத்திலிருந்து வருகிறதே என்று வருந்துபவருக்கும், ஆலைத் தொழிலாளியை நினைத்து வருந்துபவருக்கும், இன்னும் இரண்டு வருடம் பழையதை ஓட்டுவதுதான் உடனே கையில் இருக்கும் வழி. மறைமுகச் செலவு: பேட்டரி மாற்றும் கூலி, அப்டேட் முடியும் தேதி நெருங்கியிருக்கலாம், முந்தையவரின் கணக்குப் பூட்டு திறக்காமல் இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சீனா | வியட்நாம், இந்தியா | சொந்த நாடு | ஆயுள் பார்த்து |
|---|---|---|---|---|
| தரம் | பிராண்டைப் பொறுத்தது | அதே | சின்ன நிறுவனமென்றால் கவனம் | நல்லது. பழையதென்றால் சோதிக்கவும் |
| தொழிலாளர் நிலை | கடுமையான வரலாறு. தனிச் சங்கத்துக்கு இடமில்லை | அதே அழுத்தம். சில இடங்களில் சங்கம் உண்டு | சட்டப் பாதுகாப்பு நாட்டைப் பொறுத்தது. பாகங்கள் பழைய இடத்திலிருந்தே | புதிதாக வாங்குவதே குறையும் |
| மறைமுகச் செலவு | வரி ஏற்ற இறக்கம் | பாகங்களுக்கு சீனாவை நம்பியிருப்பது | கூடுதல் விலை, உதிரிபாகம் | பேட்டரி, அப்டேட் தேதி |

## பணம் கொடுக்கும் முன்

எங்கே செய்தது என்பதையும் எங்கே விற்க வந்தது என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பணத்தைக் கடிப்பது இரண்டாவதுதான். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவுக்கான புது மாடல்களில் சிம் போடும் தட்டே இல்லை. சீனச் சந்தைக்கான பல ஐபோன்களில் இரண்டு சிம் போடலாம். ஜப்பானில் விற்கும் பல போன்களில் கேமரா சத்தத்தை நிறுத்தவே முடியாது. இந்த மூன்றுமே பக்கத்துப் பக்கத்து லைனில் பூட்டியவையாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது மாடல் எண்ணைப் பார்த்து, உங்கள் நாட்டு நெட்வொர்க் அலைவரிசையும் வாரண்டியும் பொருந்துமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உளவு பயம் உள்ளவர்கள், ஆண்ட்ராய்டு என்றால் ப்ளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் சாதனம் சான்றிதழ் பெற்றதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. பெயரில்லாத டிவி பாக்ஸை எந்த நாட்டு லேபிள் இருந்தாலும் வாங்காதீர்கள். தொழிலாளர் நிலைதான் கவலை என்றால், பிராண்டு தன் சப்ளையர் பட்டியலை வெளியிடுகிறதா, ஆலையில் கண்ட குறைகளைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறதா என்று தேடுங்கள். எழுதிக் கேளுங்கள். இதுவரை எந்த ஆலையில் என்ன மாறியிருந்தாலும், தொழிலாளர்கள் தெருவில் இறங்கியும் வாங்குபவர்கள் கேள்வி கேட்டும்தான் மாறியிருக்கிறது.

நான் பேட்டரி மாற்றிய போனுக்கு இன்னும் இரண்டு வருட அப்டேட் பாக்கி இருக்கிறது. திருகுகள் எல்லாம் அதனதன் இடத்தில் போய்விட்டன, சார்ஜ் ஒரு நாள் முழுக்க நிற்கிறது. அதுவரை புதிது வாங்குவதாக இல்லை.